வேறு வீட்டில் வைத்த வெற்றிலை பாக்கு

அந்த வீட்டில் எனக்கு முதலில் மோர் கொடுத்தார்கள். அப்புறம் காபி. அதற்கும் அப்புறம், மருமகள் பின்வாசல் வழியாக ஓடிப்போய் வாங்கிவந்த கலர் சோடா. மூன்றையும் குடித்தேன். அது யார் வீடு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

பாகூரில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கையில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை, குங்குமச் சிமிழ், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. என் அண்ணன் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். நான் அத்தைக்காரி, அழைக்க வந்திருக்கிறேன்.

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தாம்பாளத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க! இன்னா இந்த வெயில்ல வந்துக்கினு! மொதல்ல உள்ள வாங்க!"

"மாமா இல்லிங்களா அக்கா?"

"கழனிக்குப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு. குந்துங்க."

"பசங்க எல்லாம் நல்லா இருக்கறாங்களா?"

"நல்லா இருக்கறாங்க. உங்க ஊர்ல எல்லாரும் எப்பிடி இருக்கறாங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கறாங்க அக்கா."

இப்படியே ஒரு மணி நேரம் பேசினோம். அதில் ஒரே ஒரு பெயர்கூட வரவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். மருமகளின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதைத் தூக்கிக் கொஞ்சினேன். வெளியே வண்டிப் பக்கத்தில் நின்று கம்பெனி சூப்பர்வைசரோடு போனில் பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து நின்று தாம்பாளத்தை நீட்டினோம்.

"வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கெழமை முகூர்த்தம் அக்கா. நீங்க எல்லாரும் வந்தாத்தான் கல்யாணம். நீங்க இல்லாம தாலி ஏறாது."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "குடும்பத்தோட வர்றோம்மா" என்றார். எனக்கும் கலங்கியது. பெரிய வேலை ஒன்றை முதல் தடவையாக ஒழுங்காக முடித்துவிட்ட சந்தோஷம்.

யாரென்று கேட்பதில்லை

எங்கள் பக்கத்தில் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினால் அது தகவல். நேரில் வந்து வாயால் சொன்னால் அது அழைப்பு. புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால்தான் மரியாதை. மூன்றில் எது யாருக்கு என்பதில் தப்பு நடந்தால் பத்துப் பதினைந்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது.

அப்படித் தாம்பாளத்தோடு படியேறி வருகிறவளிடம் "நீங்க யாரு?" என்று எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். கேட்டால், உறவையே மறந்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். வந்தவளும் "இது இன்னார் வீடுதானே?" என்று கேட்கமாட்டாள். கேட்டால், இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவள் என்று ஆகிவிடும். உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, பேச்சுக்கு நடுவில் மெதுவாகக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஏம்பலத்துக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கிற யாரையும் யாருக்கும் அரை மணி நேரத்தில் சொந்தமாக்கிவிடலாம். அதனால் பெரிதாகச் சிக்கல் வருவதில்லை.

அந்த வீட்டார் என்னைக் கேட்காததற்குக் காரணம் மரியாதை. நான் கேட்காததற்குக் காரணம் பழக்கம்.

நாற்பது வருடப் பழக்கம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் மண்டையைப் பற்றித் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது, முயற்சி செய்கிறேன்.

எனக்கு முகங்கள் மனசில் நிற்காது. யாராவது ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் சொன்னால், இரண்டாவது வாக்கியத்திலிருந்து எதையாவது பிடித்துக்கொண்டு என் மூளை தனியாகக் கிளம்பிப் போய்விடும். தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அவர்கள் பேசி முடிக்கும்போது நான் எங்கேயோ இருப்பேன்.

இதை வெளியே சொல்ல முடியுமா? ஆண்பிள்ளை மறந்தால் ரோஷக்காரன், பெரிய மனுஷன், வேலை அதிகம் என்பார்கள். பெண்பிள்ளை மறந்தால் திமிர். அதனால் சின்ன வயதிலேயே சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். எதிரில் யார் வந்தாலும் "நல்லா இருக்கீங்களா? பசங்க எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்துவிடுவேன். இந்த ஒரு கேள்வியை வைத்துப் பாதி ஜில்லாவைச் சமாளித்திருக்கிறேன். ஒருதடவை வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு கன்னியாஸ்திரி அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "முன்னூறு பேரும் நல்லா இருக்காங்கம்மா" என்றார். ஏதோ பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையாம்.

சமாளிப்புக்கு அடுத்த படி பொய். கல்யாணமான புதிதில், பூஜைக்குத் தேங்காய் வாங்கிவரச் சொல்லி மாமியார் அனுப்பினார். மூன்று மணி நேரம் கழித்து, பழைய தையல் மிஷின் ஒன்றை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். தேங்காய் இல்லை. "கடையில தேங்கா இல்ல அத்தை" என்றேன். புதுச்சேரியில் தேங்காய் இல்லை என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த மிஷினில் ஒரு ஜாக்கெட்டுக்கு மேல் தைக்கவும் இல்லை.

பென்சிலால் போட்ட டிக்

வில்லியனூரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத்தருவேன். கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பதினெட்டு ஜன்னல் திறந்திருக்கும். ஊரில் எல்லாரும் கடைசித் தேதி அன்றைக்குத்தான் விண்ணப்பம் போட வருவார்கள். கடைசித் தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் எனக்கு மூளையே ஓடாது. அதனால் எனக்கும் ஊருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. வெளியே நாற்பது பேர் நெருக்கியடித்து நிற்கும்போது என்னைப்போல வேலை செய்கிற ஆள் இந்த ரோட்டிலேயே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடம் இருக்கும். சைக்காலஜி படிக்கிற பெண் ஒருத்தி, ஏதோ கேள்வித்தாளை அறுபது காப்பி எடுக்க வந்தாள். மிஷின் ஓடும்வரை சும்மா இருக்க என்னால் முடியாதே. ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் டிக் போட ஆரம்பித்தேன். பொருட்களை அடிக்கடி தொலைப்பீர்களா, டிக். பிறர் பேசும்போது கவனம் விலகுமா, டிக். எல்லாவற்றுக்கும் டிக். யாரோ எனக்குத் தெரியாமல் என் பின்னாலேயே வந்து எழுதினமாதிரி இருந்தது. அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ஒரு டாக்டரப் பாருங்களேன்" என்றாள்.

பிள்ளையார்குப்பம் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்றார். நாற்பது நிமிஷம் பேசினேன். தேங்காயில் ஆரம்பித்து, கன்னியாஸ்திரி வழியாக, அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டில் வந்து நின்றேன். அப்புறமும் மூன்று தடவை வரச்சொல்லி, வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, ஏ.டி.எச்.டி., கவனக் குறைபாடு என்றார். "கவனம் இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. நீங்க நிக்கச் சொல்ற இடத்துல அது நிக்காது, அவ்வளவுதான். பிறவியிலேயே இருக்கறது. உங்க குத்தம் இல்லை."

வீட்டுக்காரரும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். மூலக்குளம் டிராஃபிக்கில் வண்டி நின்றபோது, "இதுக்குன்னு தனியா ஒரு பேரு இருக்குதா? நான் இதெல்லாம் நீதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாத்திரை, அலாரம், சுவரெல்லாம் ஒட்டிய சீட்டு என்று மறதி கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. சமாளிப்பும் பொய்யும் மட்டும் போகவில்லை. அதற்கு மாத்திரை இல்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

அண்ணன் கொடுத்த வேலை

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பக் கல்யாணங்களில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை பன்னீர் தெளிப்பது. அதை மறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தத் தடவை என் அண்ணன் ஏழுமலை ஏம்பலத்திலிருந்து போன் பண்ணி, "மாத்திர சாப்புடுற இல்ல? அப்ப உனக்கு ஒரு வேலை இருக்குது" என்றார்.

அண்ணியின் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், பாகூர் ராஜமாணிக்கம் மாமா. நிவேதாவுக்குத் தாய்மாமன். பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

நிவேதாவின் மஞ்சள் நீராட்டில் வந்த வினை அது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து, அவர் வாங்கிய பட்டுப்பாவாடையைக் கட்டித்தான் பெண்ணை உட்காரவைக்க வேண்டும். மாமா வரவில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டு, கடையில் ஒரு பாவாடையை வாங்கிக் கட்டி, தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை மாமன் முறைக்கு நிறுத்திச் சடங்கை முடித்தோம். அண்ணி அன்று முழுக்கச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மாமாவிடமிருந்து சேதி வந்தது: "எனக்கு வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடல. போன்ல சொன்னா ஓடியாரணுமா?" போனில்தான் சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு அவருக்கே எதற்கு அழைப்பு என்று அண்ணன் நினைத்துவிட்டார். பெரிய ரோஷக்காரர் என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

இப்போது கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துப் போடாமல் பெண் மணையேறினால் அண்ணி தாங்கமாட்டார். பத்திரிகையில் அவர் பெயரை முதலில் போடவைத்ததே அண்ணிதான். அண்ணன் அழைக்கப் போனால் வாய்ச்சண்டை வரும். அண்ணி போனால் அழுகை வரும். அத்தைக்காரி போனால் மாமா மறுக்க முடியாது. அதனால் நான்.

அண்ணி வழி சொன்னார். "பச்ச பெயிண்ட் அடிச்ச வூடு கலா. ஏரிக்கரை தாண்டி அம்மன் கோயில் பக்கத்துல. மொத தெருவுல திரும்பிடாத, ரெண்டாவது தெரு." பச்சை என்றதும் என் மூளை கிளம்பிவிட்டது. எங்கள் கடை ஷட்டருக்கும் பச்சை அடிக்க வேண்டும், ஆனால் என்ன பச்சை? அண்ணி பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையும் கோயிலும் எப்படியோ காதில் ஏறின.

போகிற அன்றைக்குப் பதினாலு அலாரம் வைத்தேன். பூ வாங்கு, குங்குமம் எடு, பத்திரிகைக்கு மஞ்சள் தடவு. வழியைத் திருப்பிக் கேள் என்று ஓர் அலாரம் வைக்கவில்லை. முதல் தெருவிலும் ஒரு பச்சை வீடு இருந்தது.

மாமாவைத் தெரியுமே, அவர் மனைவி முகம் தெரியாதா என்று கேட்பீர்கள். பதினோரு வருடம். எனக்குப் பதினோரு நாளே அதிகம். அக்கா உடம்பு போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நான் கொண்டுவந்த சேதி

அதோடு விட்டேனா? நேராக ஏம்பலம் போய், "மாமா வூட்ல அப்பிடி ஒரு மரியாதை! ஆனா அண்ணி, அவங்க பையனுக்குக் கல்யாணமாயி ஒரு கொழந்தையே இருக்குது. நமக்கு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்று சொல்லிவைத்தேன்.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் அண்ணன் பையன் கல்யாணம், எனக்குச் சொல்லலியா?" அண்ணனுக்கு மூக்குமேல் கோபம். ஒருவாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கோதண்டம் பேசினார்

கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை. ஏம்பலத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனின் போன் அடித்தது. கையெல்லாம் பாக்குத்தூள், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கங்க, பாகூர் கோதண்டம் பேசுறேன். உங்க தங்கச்சி வந்து பத்திரிகை வச்சிட்டுப் போனாங்க. நாங்க பதினாலு பேரு. வேன் பேசிட்டோம்."

"சந்தோஷங்க. வாங்க வாங்க" என்றார் அண்ணன். யாரென்று அவரும் கேட்கவில்லை பாருங்கள்.

"பத்திரிகையில பாத்தப்பதான் தெரிஞ்சிது, நம்ம ராஜமாணிக்கம் தங்கச்சி பொண்ணுன்னு. அவரு நமக்கு அடுத்த தெருதாங்க. எங்களையும் மதிச்சி வெத்தல பாக்கு வச்சிருக்கறாங்கன்னு அவர்கிட்டயே போயிச் சொன்னேன். 'உனக்கு வெத்தல பாக்கா?'ன்னாரு. அப்பால உள்ள போயி கதவச் சாத்திக்கினாரு. அவருக்கு ஒடம்பு சரியில்லிங்களா?"

போன் வைக்கப்பட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கலா, யாருடி இந்தக் கோதண்டம்?"

மூன்று விநாடியில் என்னிடம் பொய் தயாராக இருந்தது. நல்ல பொய். மாமா வீட்டுக்குத்தான் போனேன், அடுத்த தெருவிலும் மரியாதைக்கு ஒன்று வைத்தேன், இப்போது மாமாதான் வேண்டுமென்றே நாடகம் ஆடுகிறார். எல்லாரும் நம்புவார்கள். மாமாவுக்கு ஏற்கெனவே ரோஷக்காரர் என்று பெயர். என் மானம் தப்பிக்கும். மாமா உறவு மட்டும் ஒரேயடியாகப் போய்விடும்.

எதிரில் அண்ணி பையில் தேங்காயைப் போட்டுக்கொண்டு, நான் சொன்ன குழந்தையை நினைத்து ஒருவாரமாக வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அண்ணே, நான் வூடு மாறிப் போயிட்டேன். மாமா வூட்டுக்கு நான் போகவே இல்ல. அண்ணி வழி சொன்னப்ப என் காதுல ஏறல. ஏறாததும் உங்ககிட்ட சொல்லல. நான் பாத்த கொழந்த இந்தக் கோதண்டத்தோட பேரப்புள்ள."

அண்ணிதான் முதலில் பேசினார். "அப்ப எங்க அண்ணன் பையனுக்குக் கல்யாணம் ஆவலியா?"

"தெரியல அண்ணி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

"உன்கிட்டப் போயி இந்த வேலையக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்றார் அண்ணன். எனக்கு நெஞ்சில் குத்தியது. நியாயம்தான், ஆனாலும் குத்தியது. "நானும்தான் உள்ள போனேன் மச்சான்" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "இவளுக்குத் தெரியும்னு நான் கேக்கல." அண்ணன் அவரையும் சேர்த்துத் திட்டினார்.

"நாளைக்கு நானே திரும்பப் போறேன்ணே."

"நீ எங்கயும் போவ வேணாம்!"

கல்யாணப்பெண் நிவேதா தாம்பூலப் பையைக் கீழே வைத்தாள். "அத்தையே போகட்டும்பா. தப்பு பண்ணவங்களே போய்ச் சொன்னாத்தான் மாமா நம்புவாரு. நீ போனா சண்டைதான் போடுவ."

(கோதண்டம் அண்ணன் குடும்பம் பதினாலு பேரும் கல்யாணத்துக்கு வந்தார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றியதே அவர்கள் மருமகள்தான். இப்போது அவர்கள் வீட்டு விசேஷம் எதுவும் எனக்கு வெற்றிலை பாக்கு வைக்காமல் நடப்பதில்லை.)

இரண்டாவது தெரு

மறுநாள் காலை பாகூர். இந்தத் தடவை தெருமுனையில் இருந்த பெட்டிக்கடையில் கேட்டேன், கோயிலில் கேட்டேன், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடமும் கேட்டேன். வீட்டுக்காரர் போனை அணைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

ராஜமாணிக்கம் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "ஊருக்கெல்லாம் வச்சி முடிச்சி, மீதி இருந்துதா?" என்றார்.

"குந்து கலா" என்றார் அவர் மனைவி. உடம்பு போடவே இல்லை. ஒல்லியாக இருந்தார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பசங்க எப்படி இருக்காங்க என்று ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

"மாமா, எங்க அண்ணன் மேல தப்பு இல்ல. உங்களுக்குத்தான் மொத பத்திரிகைன்னு குடுத்தாரு. நான்தான் வூடு மாறி கோதண்டம் அண்ணன் வூட்ல குந்திக்கினு மோரு, காபி, கலரு மூணும் குடிச்சிட்டு வந்தேன். எனக்கு மொகம் நிக்காது மாமா. யாராவது சொன்னா பாதிதான் ஏறும். நாளு கெழமை தப்பிடும். பொறந்ததுலேருந்து இப்பிடித்தான். இத்தன வருஷமா மறைச்சிக்கினே இருந்தேன். டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கா டாக்டரு?"

"ஆமா மாமா."

"நாளு கெழமை தப்புறதுக்கா?"

"அதுக்கும்தான்."

"வூட்ல சொன்னியா, தப்பு பண்ணிட்டேன்னு?"

"நேத்து சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நல்லா திட்டுனாங்க மாமா."

"திட்டி?"

"அவ்ளோதான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். சுவரில் தினசரி காலண்டர். அதில் ஒன்பது நாள் முந்தைய தேதி இருந்தது. எங்கள் வீட்டுக் காலண்டரும் அப்படித்தான் நிற்கும், அதனால் கண்ணில் பட்டது.

எழுந்து வந்தார். மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தாம்பாளத்தை வாங்கினார். "வெள்ளிக்கெழமையா?"

"வெள்ளிக்கெழமை மாமா."

"எழுதிக் குடு. கெழமையும் போடு."

பத்திரிகையின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வாசல்வரை வந்தார். "இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா?" "இந்த வெள்ளி மாமா." வண்டியில் ஏறும்போது இன்னொரு தடவை கேட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரே தேதியை மூன்று தடவை கேட்பது யாருடைய பழக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அண்ணன் போன் பண்ணினார். குரலே ஒரு மாதிரி இருந்தது. "உடனே கெளம்பி வாடி. ராஜமாணிக்கம் வந்திருக்காரு. சீரோட."

"வெள்ளிக்கெழமைதானே கல்யாணம்?"

"அதான் வாடின்றேன்!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வீட்டு வாசலில் பந்தக்கால் மட்டும் நட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குட்டியானை டெம்போ. அதில் தட்டுத் தட்டாகப் பழம், பூ, இனிப்பு, மேலே ஒரு பட்டுப்புடவை. மாமா வேட்டி சட்டையில், தலையை அழுந்த வாரிக்கொண்டு, டெம்போவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணி வாசற்படியில் நின்றார், இறங்கவில்லை. அண்ணன் நடுவில் டூத்பிரஷோடு நின்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரமாக இப்படியே இருக்கிறார்களாம்.

"மாமா, நாளன்னிக்கிதானே கல்யாணம்?" என்றேன்.

"தெரியும்மா. நீதான் எழுதிக் குடுத்தியே. வூட்ல இருந்தா எப்பிடியாவது தப்பிப் போயிடும். ரெண்டு நாளு இங்கயே இருந்துட்டா தப்பாது பாரு."

பதினோரு வருடம் கழித்து அண்ணி தன் அண்ணனிடம் வாயைத் திறந்தார். "அன்னிக்கி மட்டும் வரத் தெரியலியா?"

மாமா டெம்போவிலிருந்து இறங்கினார். "வந்தேம்மா."

"எங்க வந்த?"

"மறுநாளு வந்தேன். விசேஷம் திங்கக்கெழமைன்னே நெனச்சிக்கினு இருந்தேன். பாவாடை, மாலை எல்லாம் ஏத்திக்கினு அந்த முக்கு வரைக்கும் வந்துட்டேன். பந்தலப் பிரிச்சிக்கினு இருந்தானுங்க. வண்டியத் திருப்பிக்கினு போயிட்டேன்."

அண்ணன் டூத்பிரஷைக் கீழே போட்டுவிட்டார். "அப்ப வெத்தல பாக்கு வைக்கலன்னு சொன்னது?"

"ஒரே தங்கச்சி, அவ பொண்ணுக்குச் சடங்கு, அத மறந்துட்டேன்னு எப்பிடி மச்சான் வெளிய சொல்றது? கூப்புடலன்னு சொல்றது சுலுவா இருந்துது. அப்பால அதையே புடிச்சிக்கினேன்." என்னைக் கை காட்டினார். "இவ வந்து எதிர்ல நின்னு பட்டுனு சொல்லிட்டா. எனக்கு அறுவது வயசு ஆவுது, எனக்குத் தெரியலியே இது."

அண்ணி படியிறங்கி ஓடிவந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். மாமாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இன்னொரு அடி வைத்தார். அப்புறம் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதார்.

"மறந்துட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நல்லா திட்டிட்டு சோறு போட்டிருப்பேனேண்ணே!"

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இப்பப் போடும்மா. பசிக்குது" என்றார்.